தொடைக்கு அடியில் எவ்வளவு துணி?



கைக்குழந்தையைச் சுமக்க ஒரு கேரியர் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், பெட்டியில் முதலில் கண்ணில் படுவது ஓர் எண். 'நான்கு விதமாகத் தூக்கலாம்', 'ஆறு விதமாகத் தூக்கலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நம் முகம் பார்த்து ஒன்று, ஊரைப் பார்த்து ஒன்று, முதுகில் ஒன்று, படுத்தபடி ஒன்று என்று படமும் இருக்கும். எண் கூடக் கூட விலையும் ஏறும். அந்த எண்ணுக்காகக் காசு கொடுக்காதீர்கள். எந்த வீட்டிலும் சிறு குழந்தையை மார்போடு அணைத்துத் தூக்குவார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் இடுப்பிலோ முதுகிலோ வைத்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் பெட்டியோடு சரி.

கடைக்காரரிடம் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். குழந்தை உட்காரும் இடத்தில், இரண்டு தொடைகளுக்கும் அடியில் எவ்வளவு அகலத்துக்குத் துணி வருகிறது என்று பாருங்கள். ஒரு முழங்காலின் மடிப்பிலிருந்து மறு முழங்காலின் மடிப்பு வரை துணி தாங்கினால் நல்லது. நடுவில் கோவணம் மாதிரி ஒரு பட்டை மட்டும் ஓடி, கால் இரண்டும் நேராகத் தொங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலை எவ்வளவு அதிகமாக இருந்தாலும் அதே பதில்தான்.

காரணம் இடுப்பு மூட்டு. பிறந்த குழந்தைக்குத் தொடையெலும்பின் தலையும், அது பொருந்தும் கிண்ணமும் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. கால்கள் அகன்று, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து இருந்தால், தலை கிண்ணத்துக்குள் பாந்தமாக உட்காரும். இடுப்பு மூட்டுக் கோளாறுகளுக்கென்றே இயங்கும் சர்வதேச நிறுவனம் பரிந்துரைக்கும் நிலையும் இதுதான். ஜப்பானில் ஒரு காலத்தில் குழந்தையின் கால்களை நீட்டி வைத்துத் துணியால் இறுகச் சுற்றும் வழக்கம் இருந்தது. 1970களில் அதைக் கைவிடச் சொல்லிப் பெரிய அளவில் பிரசாரம் செய்தார்கள். இடுப்பு நழுவிய குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

நம் வீட்டுப் பாட்டிமார்கள் இடுப்பின் இருபுறமும் கால் போட்டுக் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்வார்களே, அது மருத்துவர் சொல்லும் அதே அகன்ற நிலைதான். ஆனால் அதே பாட்டி, கேரியரைப் பார்த்ததும், "இதுல போட்டா புள்ளைக்குக் கால் வளைஞ்சிடும்டி" என்று சொல்லக்கூடும். பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் கால் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். நடக்கத் தொடங்கி ஓரிரு வருடத்தில் தானாகச் சரியாகும். பாட்டியோடு சண்டை வேண்டாம். கேரியரில் குழந்தையை வைத்துக் காட்டுங்கள், "நீங்கள் தூக்குகிற மாதிரிதான் இருக்கிறது, பாட்டி" என்று சொல்லுங்கள்.

இடுப்பைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. மூச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், தோளில் மாட்டிக் குழந்தையைச் சுமக்கும் துணி ஸ்லிங்குகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் குறைந்தது 14 குழந்தைகள் ஸ்லிங் தொடர்பாக இறந்திருந்தார்கள். அவர்களில் 12 பேர் நான்கு மாதம் நிரம்பாதவர்கள். அதே மாதம் ஒரு நிறுவனம் பத்து லட்சம் ஸ்லிங்குகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அவை பை போன்ற அமைப்புள்ளவை. குழந்தை அதன் அடியில் சுருண்டு படுக்கும். பார்ப்பதற்குத் தூளி போலவே இருக்கும், அதனால் நமக்குப் பிடித்தும் போகும்.

கைக்குழந்தையின் தலை உடம்பை ஒப்பிடக் கனமானது; கழுத்துக்கோ பலம் கிடையாது. சுருண்டு படுக்கும்போது தாடை நெஞ்சில் போய் இடித்தால், மெல்லிய மூச்சுக்குழல் மடங்கிவிடும். துணியோ அம்மாவின் உடம்போ மூக்கை மூடினால், தலையைத் திருப்பிக்கொள்ள அதற்குத் தெரியாது. அழக்கூட முடியாது. ஓரிரு நிமிடத்தில் ஆபத்து வந்துவிடும் என்று அந்த ஆணையம் சொன்னது. சத்தமே இல்லாமல் நடப்பதால்தான் பயம்.

ஆகவே குழந்தை நிமிர்ந்து இருக்க வேண்டும். நீங்கள் குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். குனிந்து பார்த்தாலே முகம் முழுக்கத் தெரிய வேண்டும். துணியை விலக்கித்தான் பார்க்க முடியும் என்றால் கட்டு தவறு. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். முதுகு தாங்கப்பட வேண்டும், அதற்குத் துணி இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்வாகக் கட்டினால் குழந்தைக்கு வசதி என்று நினைக்கிறோம். தளர்ந்த துணியில்தான் குழந்தை சரிந்து, சுருண்டு போகும். ஸ்லிங்கிலேயே பால் கொடுத்தால், குடித்து முடித்ததும் குழந்தையை மறுபடி நிமிர்த்தி, கட்டை இறுக்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இன்னொரு எண் இருக்கும், பொடி எழுத்தில். குறைந்தபட்ச எடை. பல கேரியர்களில் அது மூன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கும். நம் ஊரில் நிறையக் குழந்தைகள் மூன்று கிலோவுக்குக் குறைவாகவே பிறக்கின்றன. 'பிறந்த நாள் முதல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பாமல் இந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, சளிப் பிடித்து மூச்சுத் திணறும் குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதிலும் வைக்க வேண்டாம்.

எடை குறைந்த குழந்தைக்குத் துணியே உயிர் காத்த கதையும் உண்டு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், எட்கர் ரே என்ற மருத்துவரின் மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டச் சொன்னார். இன்று உலகமே பின்பற்றும் கங்காரு தாய்ப் பராமரிப்பு அப்படிப் பிறந்ததுதான். ஆனால் அதைச் செவிலியர் கண்முன்னே கற்றுக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கிய கேரியர் அதற்கு மாற்று ஆகாது.

சரி, பணத்துக்கு வருவோம். ஆன்லைனில் பார்த்தால் ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்தில் பக்கிள் கேரியர் கிடைக்கிறது. வெளிநாட்டுப் பெயர் போட்டது பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. வித்தியாசத்தில் பாதி பஞ்சு மெத்தைக்கும் பெயருக்கும் போகிறது என்பது என் அபிப்பிராயம். பஞ்சு குளிர் நாட்டுக்குச் சரி. சித்திரை வெயிலில் ஒரு உடம்புச் சூடு, இன்னொரு உடம்புச் சூடு, நடுவில் பஞ்சு என்றால் குழந்தை வெந்துபோகும். உடம்பில் சுற்றிக் கட்டும், நீண்டு கொடுக்கும் பனியன் துணியும் அப்படித்தான். பிறந்த குழந்தைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் மூன்று அடுக்கு வந்துவிடும். குழந்தை ஏழெட்டுக் கிலோ ஆகும்போது துணி தொய்ந்தும் போகும். மலைப்பக்கம் இருப்பவர்கள் வாங்கலாம்.

சமவெளியில் இருப்பவர்களுக்குச் சிக்கனமான வழி, ஒற்றை அடுக்குப் பருத்தியில் வளையம் வைத்த ஸ்லிங். இரண்டு மீட்டர் சொச்சம் துணி, தோள்பக்கம் இரண்டு வளையம், அவ்வளவுதான். கைத்தறிப் பருத்தி நல்லது. சென்னிமலைப் போர்வைத் துணி போல நெருக்கமாக நெய்தது கனம் தாங்கும். பாலியெஸ்டரும் பட்டும் வளையத்தில் வழுக்கும். அம்மா ஒல்லி, அப்பா பருமன் என்றாலும் ஒரே ஸ்லிங் இருவருக்கும் பொருந்தும். வளையமில்லாமல் தைத்து மூடிய ஸ்லிங் இதைவிட மலிவு, ஆனால் ஒருவர் அளவுக்குத்தான் சரிவரும்.

வீட்டிலேயே தைக்கிறவர்கள் கவனியுங்கள். வளையத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. திரைச்சீலைக் கடையில் விற்கும் வளையத்தில் இணைப்பு விளிம்பு இருக்கும். பாரம் ஏறினால் அந்த இடத்தில்தான் பிரியும். குழந்தை ஸ்லிங்குக்கென்றே இணைப்பில்லாமல் வார்த்து, பாரம் ஏற்றிச் சோதித்த அலுமினிய வளையம் தனியாக விற்கிறது. அதை வாங்குங்கள்.

பழைய சேலையைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். தூளிக்குப் பழஞ்சேலை அருமை. நடமாடும் உடம்பில் கட்டுவதற்கு அது வேண்டாம். மடிப்பில் நைந்த சேலை எப்போது கிழியும் என்று சொல்ல முடியாது. எதுவானாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் விலகிய இடம் தெரியும். முதல் தடவை குழந்தையை வைக்காமல், நான்கைந்து கிலோ அரிசிப் பையை வைத்து, கட்டிலுக்கு மேலே குனிந்து பழகுங்கள். குழந்தையை வைக்கும் முதல் சில தடவை பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

சிசேரியன் ஆனவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன்தான். பக்கிள் கேரியரின் இடுப்புப் பட்டை சரியாகத் தையல்மேல் வந்து அழுத்தும். காயம் ஆறும்வரை அப்பா சுமக்கட்டும். அவருக்கும் பழகும்.

"கையிலேயே வச்சிருந்தா பழகிப்போயிடும், கீழே விடாது" என்று சொல்வதும் உண்டு. கனடாவின் மான்ட்ரியலில் ஹன்சிகர், பார் என்ற இருவர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் நேரம் சுமக்கப்பட்ட குழந்தைகள் ஆறாவது வாரத்தில் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். அதிலும் சாயங்கால அழுகை பாதியாகக் குறைந்தது. சாயங்கால அழுகை என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கேரியரில் குழந்தை இருக்கும்போது எண்ணெய்ச் சட்டி பக்கம் போகாதீர்கள். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். குழந்தையின் பிடரியில் கை வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் வெளியே எடுங்கள். இன்னொன்று, நம் தெருக்களில் தினமும் பார்ப்பது: கேரியரில் குழந்தையைக் கட்டிக்கொண்டு பைக்கில் போவது. கேரியர் நடப்பவர்களுக்குச் செய்தது. இருசக்கர வாகனத்துக்கு 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தனி விதியே அறிவித்தது. 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் தனிப் பாதுகாப்புக் கச்சை வேண்டும், ஒன்பது மாதம் முதல் குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தக் கச்சை வேறு, இந்தக் கேரியர் வேறு. கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றிலும் மலிவு, அக்கா வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஓய்ந்து கிடக்கும் கேரியர்தான். ஒரு குழந்தை ஒன்றரை வருடம் பயன்படுத்தினாலே அதிகம், துணி புதுசாகவே இருக்கும். வாங்கும்போது பட்டைகள் சேரும் தையலை இழுத்துப் பாருங்கள். பக்கிளைப் பூட்டிப் பலமாக இழுங்கள். 'டிக்' என்ற சத்தம் கேட்காத பக்கிள், வெள்ளைக் கீறல் விழுந்த பக்கிள் வேண்டாம். மொட்டைமாடியில் காய்ந்து காய்ந்து நிறம் வெளுத்த பட்டை பலம் இழந்திருக்கும். கேரியரோடு வந்த எடை அளவுத் தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் குழந்தை வளர்ந்தபின் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது அதுவும் கூடப் போக வேண்டும்.