உச்சவரம்பு யாருக்கு?

உச்சவரம்பு என்ற சொல் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதற்கு மேல் கூடாது என்றோம். 1970இல் அதை 15 ஆக்கினோம். அந்தச் சட்டத்தில் எத்தனை ஓட்டைகள் இருந்தன, எத்தனை பினாமிப் பெயர்கள் முளைத்தன என்பது வேறு கதை. ஆனால் வரம்பு யார் தலைமேல் விழ வேண்டும் என்பதில் அன்று குழப்பம் இருந்ததில்லை. தேவைக்கு மிஞ்சி வைத்திருந்தவர் தலைமேல் விழ வேண்டும். இன்று மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கையிலும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. மருந்து விற்பவரைத் தொடாமல், படுக்கையில் கிடப்பவர் தலைமேல் அதை இறக்கியிருக்கிறார்கள்.

2021 மார்ச்சில் வந்த கொள்கை அது. 2022 மே மாதத் திருத்தத்துக்குப் பின், எந்தப் பிரிவு அரிய நோயானாலும் ஒரு நோயாளிக்கு 50 லட்ச ரூபாய் வரை உதவி என்கிறது. கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் அதே கொள்கை ஆவணம் இன்னொன்றையும் சொல்கிறது: 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சில அரிய நோய்களின் சிகிச்சைச் செலவு ஆண்டுக்கு 10 லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கும் மேல் ஆகலாம், சிகிச்சை ஆயுள் முழுவதும் வேண்டும், வயதும் எடையும் ஏற ஏற மருந்தின் அளவும் செலவும் ஏறும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். கோடி ரூபாய் நோய் என்றால் ஆறு மாதத்தில் பணம் தீர்ந்துவிடும். பத்து லட்ச ரூபாய் நோய் என்றாலும் ஐந்து ஆண்டு தாங்காது, ஏனென்றால் பிள்ளை வளர்கிறது. பிள்ளை கனக்கிறது என்று தாய் பூரிக்க வேண்டிய இடத்தில், மருந்து இன்னும் எத்தனை மாதம் வரும் என்று விரல்விட்டு எண்ண வைத்திருக்கிறோம். காஷர் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஒரு என்சைம் குறைவு. அதனால் கரைய வேண்டிய கொழுப்பு கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பிலும் தேங்குகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த என்சைமை டிரிப்பில் ஏற்றினால் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். நிறுத்தினால் மறுபடியும் தேக்கம் தொடங்கும். பாதியில் நிறுத்தத்தான் போகிறோம் என்று தெரிந்தே தொடங்கும் சிகிச்சைக்குக் கொள்கை என்று பெயரா? மிச்சத்துக்கு வழி கேட்டால், நன்கொடை திரட்டும் இணையதளத்தைக் காட்டுகிறார்கள். அரசாங்கமே உண்டியல் வைத்துக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

"அரசு என்ன செய்யும், மருந்தின் விலை அப்படி" என்பார்கள். விலை வானத்திலிருந்து விழுந்ததா? எஸ்.எம்.ஏ. என்று டாக்டர்கள் சொல்லும் தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்கு ரிஸ்டிப்ளாம் என்று ஒரு மருந்து. ரோஷ் நிறுவனம் இங்கே ஒரு பாட்டிலைச் சுமார் 6 லட்சத்துக்கு விற்றது. 20 கிலோவுக்கு மேற்பட்ட நோயாளிக்கு ஒரு பாட்டில் 12 நாள் வரும். ஆண்டுக்கு முப்பது பாட்டில். அரசின் 50 லட்சத்துக்கு எட்டுப் பாட்டில் கிடைக்கும், அதாவது மூன்று மாதம். நாட்கோ நிறுவனம் அதே மருந்தைத் தயாரிக்க முன்வந்தபோது ரோஷ் தடை கேட்டு வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை தர மறுத்தது. அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. காப்புரிமை செல்லுமா என்ற மூல வழக்கு தனி. ஆனால் நாட்கோ பாட்டிலுக்கு வைத்த விலை 15,900 ரூபாய். ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் குறைவு. மூன்று மாதத்தில் தீர்ந்த அதே 50 லட்சம் இப்போது பத்து ஆண்டு வரும். நோய் மாறவில்லை, நோயாளி மாறவில்லை, பட்ஜெட்டில் ஒரு ரூபாய் கூடவில்லை. மாறியது விலை மட்டும்தான். அதனால் சொல்கிறேன்: உச்சவரம்பு வேண்டும், அதை விலைக்கு வையுங்கள்.

விலையை இறக்கினால் புதிய மருந்து கண்டுபிடிக்க யாரும் முன்வர மாட்டார்கள் என்ற வாதம் உண்டு. அதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. நோயாளிகள் குறைவு, லாபம் குறைவு என்று கம்பெனிகள் ஒதுங்கியதால்தான் அமெரிக்கா 1983இல் தனிச் சட்டம் போட்டு, ஏழாண்டு தனியுரிமையும் வரிச்சலுகையும் கொடுத்தது. ஆனால் அந்தக் கண்டுபிடிப்புச் செலவு வசூலாவது அங்கே, பணக்கார நாடுகளின் சந்தையில். இங்கே ஆறு லட்சம் கொடுத்து வாங்கக்கூடிய குடும்பம் எத்தனை? வாங்க முடியாதவரிடம் வைத்த விலையால் எந்த ஆராய்ச்சி வளரும்? ரிஸ்டிப்ளாம் ஆராய்ச்சியிலேயே, இந்த நோய் வந்த பிள்ளையின் பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளை ஒன்றுக்கும் பங்கு உண்டு.

அடுத்த வாதம் பணம். சிலருக்காகக் கோடிகளைக் கொட்டினால் காசநோய்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் என்ன மிஞ்சும் என்கிறார்கள். நியாயமான கேள்வி. 2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் அரிய நோய்களுக்குத் தேசிய நிதியம் அமைத்து, இரண்டு நிதியாண்டுகளுக்கு 974 கோடி ஒதுக்கச் சொன்னது. மத்திய அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த ஆண்டு சுகாதார அமைச்சகத்தின் பட்ஜெட் சுமார் 90,000 கோடி. ஆண்டுக்கு நூறு ரூபாயில் சுமார் ஐம்பது காசுதான் நீதிமன்றம் கேட்டது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். அதற்கான மருந்துக்கும் ஒரு காலத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை. அதுவும் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியது. 2001இல் சிப்லா 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது; 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. உனக்கு இவ்வளவு லட்சம்தான், தீர்ந்ததும் போய்விடு என்று எந்த எச்.ஐ.வி. நோயாளியிடமும் சொல்லவில்லை.

கடைசியாக, மேடையில் சொல்லாமல் டீக்கடையில் சொல்லும் வாதம் ஒன்று: "சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டால் இப்படித்தான்." மாமன் மகள், அக்காள் மகள் என்று மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம் என்பதும், மறைந்திருக்கும் மரபணுக் கோளாறு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர அது வழிவிடுகிறது என்பதும் உண்மை. அதைத் திருமணத்துக்கு முன்பே ஊர் ஊராகச் சொல்ல ஆள் போடுங்கள், வரவேற்கிறேன். ஆனால் சொந்தமே இல்லாத இருவருக்கும் இந்த நோயோடு பிள்ளை பிறக்கிறது. பீடி குடித்தவருக்குப் புற்றுநோய் சிகிச்சை இல்லை என்று எந்த அரசு ஆஸ்பத்திரியாவது சொல்கிறதா? பெற்றோர் செய்த கல்யாணத்துக்குப் பிள்ளைக்குத் தண்டனையா?

மொத்தமாக வாங்கினால் மருந்து விலை இறங்கும் என்று நாட்டுக்கே காட்டியது, 1994இல் தொடங்கிய நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அந்தப் பாடத்தை வைத்தே இந்தக் கூட்டம் மூன்று கோரிக்கைகளை எழுதியிருக்கிறது. நாட்டின் எல்லா அரிய நோய் மையங்களுக்கும் ஒரே டெண்டரில் மருந்து வாங்க வேண்டும். விலை இறங்காத இடத்தில் காப்புரிமைச் சட்டத்தின் 100ஆம் பிரிவைப் பயன்படுத்தி அரசே உற்பத்திக்கு அனுமதி தர வேண்டும். ஏற்கெனவே சிகிச்சை தொடங்கியவருக்கு 50 லட்சம் தீர்ந்தாலும் மருந்தை நிறுத்தக் கூடாது. தீர்மானத்தின் முழு வாசகத்தைச் செயலாளர் இப்போது படிப்பார்.