சைக்கிளும் பத்து வெள்ளியும்

(சுங்கை ஆயர் தாவாரில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடிந்தால் பிரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் நீங்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

1941-ஆம் ஆண்டு நமது சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், தொழிலாளர்கள் ஒரு கோரிக்கைப் பட்டியல் வைத்தார்கள். துரைமார், கிராணிமார் எதிரில் சைக்கிளில் ஏறிப்போக அனுமதி வேண்டும் என்பது அதில் ஒன்று! கிராணி நண்பர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களைக் குத்திப் பேசவில்லை. சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளை, ஒரு மனிதரைக் கண்டதும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது என்றால், அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

மற்றக் கோரிக்கைகளும் அத்தகையவையே. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை இந்தியத் தொழிலாளிக்கும் கொடு. அன்று நமக்கு அரை வெள்ளியை ஒட்டித்தான் நாட்கூலி, அவர்களுக்கோ அதைவிட மிக அதிகம். பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்து. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, நோயாளிக்கு ஒழுங்கான மருந்து கொடு. கள்ளுக்கடையை மூடு. குறை சொன்னவனைப் பழிவாங்காதே. சங்கம் வைக்க விடு.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் சார்பில் முன் நின்றவர் ஆர்.எச். நாதன், பத்திரிகையில் பணியாற்றியவர். அந்த ஆண்டு மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். வேலைநிறுத்தம் கிள்ளானைத் தாண்டிப் பரவியது. பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

இந்தப் பாடு நமக்கு மட்டும் வந்ததா? அமெரிக்காவைப் பாருங்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில், அங்கே தென் மாநிலங்களில் பருத்தி விவசாயி கடைக்காரனிடம் மாவும் உப்பும் கடன் வாங்குவான். அறுவடையானதும் பருத்தி கடைக்காரனுக்குப் போகும், கணக்குத் தீராது, அடுத்த ஆண்டும் அதே கடைதான். கடைக்கணக்கு என்றால் என்னவென்று நம் பாட்டிமார்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

டெக்ஸாசில் அந்த விவசாயிகள் சங்கம் கூட்டினார்கள். 1887-இல் டல்லாஸ் நகரில் தாங்களே கொள்முதல், விற்பனைக்கான கூட்டுறவு நிலையம் வைத்தார்கள். வங்கிகள் கடன் தர மறுத்தன. இரண்டே ஆண்டில் அது நொடித்தது. பிறகு மக்கள் கட்சி என்று அரசியலில் இறங்கி, 1892-இல் அதிபர் தேர்தலில் பத்து லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார்கள். ஆட்சிக்கு வரவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட வருமான வரியும், செனட்டர்களை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் முறையும் 1913-இல் சட்டமாயின. 1911-இல் நியூயார்க் தையல் ஆலையில் தீப்பிடித்து 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. அதன் பிறகுதான் அந்த மாநிலத்தில் தொழிற்சாலைச் சட்டங்கள் வரிசையாக வந்தன.

அவர்களிடம் ஒரு குறை இருந்தது. கறுப்பின விவசாயிகள் வேறு சங்கம், வெள்ளையர் வேறு சங்கம். 1891-இல் கறுப்பினத்தார் பருத்தி பறிக்கும் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, வெள்ளை விவசாயிகளின் சங்கம் துணைக்கு வரவில்லை. கூலி கொடுக்கும் கை அவர்களுடையது அல்லவா!

இனி நம் நாட்டுக்கு வருவோம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு லயமும் இல்லை, வேலையும் இல்லை. அப்போது, 1960-இல், வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகச் சென்று பத்து வெள்ளி கேட்டார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் தொழிலாளர் சொத்தாயிற்று. டல்லாஸில் நொடித்தது இங்கே நிலைத்தது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. துண்டுபட்ட எல்லாத் தோட்டத்தையும் அது காப்பாற்றிவிட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வெளியேறி நடுத்தெருவில் நின்ற குடும்பங்கள் ஏராளம். ஆயினும் பத்து வெள்ளி அன்று லேசான பணமல்ல.

இப்போது உங்களில் சிலருக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லுகிறோம். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள் இன்று நமக்குப் பக்கத்து நிரையில் வேலை செய்கிறார்கள். “அவர்களால்தான் நம் கூலி ஏறவில்லை” என்று கடையில் உட்கார்ந்து பேசுகிறோம். 1941-இல் நம் ஆட்கள் சீனத் தொழிலாளியைத் திட்டவில்லை. அவர் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். 2013-இல் 900 வெள்ளியாக வந்த குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ஆயிற்று. அது அவர்களுக்கும் உண்டு. அவர்களுக்கு அதைக் குறைத்துக் கொடுக்க முடிகிற தோட்டத்தில், நம்மை எதற்கு வைத்துக்கொள்வார்கள்? அவர்கள் சங்கத்தில் சேரச் சட்டம் தடையாக இல்லை. தடை நம் வாயில்தான் இருக்கிறது.

உறுப்பினர் பாரம் மேசைமேல் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பக்கத்து நிரைக்காரரிடம் கொடுங்கள். மொழி தெரியாவிட்டால் கிராணிமார் எழுதிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, தாத்தா பாட்டியின் தகரப் பெட்டியில் கூட்டுறவுச் சங்கப் பங்குச் சீட்டு கிடந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். யார் பெயரில் இருக்கிறதென்று பார்த்து, வாரிசுக்கு விண்ணப்பம் எழுதலாம்.