கடைவாசலில் ஒரு மிராசுதார்

(வல்லக்கோட்டையில் ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் மத்தியில் ஆற்றிய சொற்பொழிவு)



இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிள் கைபேசிகளைப் பூட்டி உலகத்துக்கு அனுப்புகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான்.

அவர்களில் ஒருத்தி அதே கைபேசியைச் சொந்தக் காசு கொடுத்து வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய தம்பி படித்தவன். மிகை நேரக் கூலியைக் கணக்குப் பார்க்க ஒரு செயலி எழுதுகிறான். அதை ஆலைப் பெண்களின் ஆப்பிள் கைபேசிகளுக்குக் கொடுக்க முடியுமா? அவன் நினைத்தால் மட்டும் முடியாது. வருஷத்துக்கு 99 டாலர் கட்டி, கம்பெனியின் அனுமதி பெற்று, கம்பெனியின் கடை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் அந்தக் கைபேசிக்கு வேறு கடை கிடையாது. பூட்டியவள் இவள், விலை கொடுத்தவள் இவள். ஆனால் கதவின் சாவி கலிபோர்னியாவில்!

செயலிக்குள் பாடமோ, விளையாட்டோ விற்றால் கம்பெனிக்குப் பங்கு உண்டு. சிறியவர்களிடம் நூற்றுக்கு 15, பெரியவர்களிடம் 30. விவசாயத் தோழர்களுக்கு இது புதிதல்ல. உழுதவன் நீ, அறுத்தவன் நீ. களத்திலிருந்து நெல் வெளியேற ஒரே பாதை. அந்தப் பாதையில் மிராசுதார் கேட் போட்டுக்கொண்டு பத்து மூட்டைக்கு மூன்று மூட்டை கேட்டால் என்ன சொல்வாய்? அந்த மூன்று மூட்டையின் சுமை கடைசியில் வாங்குகிறவன் தலையிலும் விடிகிறது.

"எங்களிடம் இருப்பது ஆண்ட்ராய்டு கைபேசிதானே?" என்று கேட்பீர்கள். அங்கே வேறு கடை வைக்கலாம். ஆனால் கைபேசி கைக்கு வரும்போதே கூகுளின் கடை உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் இதை விசாரித்து 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அடுத்த சில நாட்களில், பணம் வசூலிக்கும் முறைக்காக மேலும் 936.44 கோடி. மேல்முறையீட்டில் 2025 மார்ச்சில் இரண்டாவது தொகை 216.69 கோடியாகச் சுருங்கியது.

அபராதத்துக்குப் பின் வாரம் ஒழிந்ததா? வேறு வழியில் பணம் வாங்கிக்கொள் என்றார்கள். அப்படி வாங்கினால் 30-க்குப் பதில் 26 கொடு என்றார்கள்! மறுத்தவர்கள் கதி என்ன? 2024 மார்ச் 1-ந் தேதி, சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்பட பல இந்தியக் கம்பெனிகளின் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து தூக்கியெறிந்தது. மத்திய சர்க்கார் தலையிட்ட பிறகே திரும்பச் சேர்த்தது. பெரிய கம்பெனிக்கு மந்திரி பேசினார். ஒற்றை ஆளாகச் செயலி எழுதும் தம்பிக்கு யார் பேசுவார்?

"கதவில் காவல் வேண்டாமா? திருட்டுச் செயலி பாங்கிப் பணத்தைச் சுருட்டிவிடுமே" என்கிறார்கள். நியாயமான கேள்வி. முகம் தெரியாதவன் அனுப்பும் செயலியை யாரும் தொடாதீர்கள். ஆனால் காவல்காரனுக்குக் காவல் கூலி கொடுப்பது வேறு. விளைச்சலில் பங்கு கொடுப்பது வேறு. காவல்காரனே எதிரில் கடையும் வைத்திருந்தால், போட்டிக்காரனை நேர்மையாகச் சோதிப்பானா?

இது மாற்ற முடியாத விதியல்ல. முன்பு தொலைபேசிக் கம்பெனியை மாற்றினால் நம்பரை இழக்க வேண்டும். 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் அதே நம்பரோடு மாறலாம் என்று விதி வந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஐரோப்பாவில் 2024 மார்ச் முதல், சட்டத்துக்குப் பணிந்து, ஆப்பிள் மற்றக் கடைகளுக்கும் கதவைத் திறந்தது. அங்கே திறக்கிற கதவு இங்கே ஏன் திறக்காது? நம் சர்க்காரும் 2024 மார்ச்சில் ஒரு மசோதா நகலை வெளியிட்டது. நகல் எழுதினால் போதாது, சட்டம் வேண்டும்.

நாம் கேட்பது அதிகமல்ல. வாங்கிய கைபேசியில் வேண்டியதை வைக்கவும், வேண்டாததை நீக்கவும், விரும்பிய கடைக்குப் போகவும் உரிமை வேண்டும். செயலி எழுதுகிறவன் தன் வாடிக்கைக்காரரிடம் நேரே பணம் வாங்கவும், தூக்கியெறியப்பட்டால் காரணம் கேட்கவும் உரிமை வேண்டும்.

தோழர்களே! களத்து மேட்டில் மரக்காலைச் சரிபார்த்துப் பழகியவர்கள் நாம். கைபேசிக்குள் இருக்கும் மரக்காலையும் சரிபார்ப்போம்!