வாதாடும் நாவும் எழுதும் கையும்

(பைக்காராவில் நடைபெற்ற சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

மருத்துவராகுங்கள், பொறியாளராகுங்கள் என்று நாம் பள்ளியில் நாள்தோறும் சொல்லி வருகிறோம். இன்று பேச எடுத்துக்கொண்டதோ, பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்கு விரும்பாத ஒரு தொழில். குற்றம் சாட்டப்பட்டோர்க்காக வாதாடும் வழக்கறிஞர் தொழிலே அது. "திருடனுக்கும் கொலைகாரனுக்கும் பரிந்து பேசுவதா?" என்று கேட்பார் உளர். அவர்களுக்கு விடை கூற வேண்டியது நம் கடமை.

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கோவலன் மீது பழி சுமத்தியவன் ஒரு பொற்கொல்லன். மன்னன் தீர விசாரித்தானில்லை. கோவலன் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்க அவையில் ஒருவரும் இல்லை. கண்ணகி சிலம்போடு வந்து வழக்குரைத்தபோது உண்மை வென்றது. ஆனால் உயிர் முன்னரே போயிற்று. வழக்குரைக்கும் குரல் காலத்தில் கிடைக்க வேண்டும் என்பதே அக்காப்பியம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இது பழங்கதை மட்டுமன்று. 1993ஆம் ஆண்டு விருத்தாசலத்தை அடுத்த முதனை என்னும் ஊரில், குறவர் சமூகத்தைச் சேர்ந்த இராசாக்கண்ணு என்னும் தொழிலாளி திருட்டுப் பழியின்பேரில் காவலில் வைக்கப்பட்டு மாண்டார். அவர் தப்பி ஓடிவிட்டார் என்று கூறப்பட்டது. அவருடைய மனைவி அதனை நம்பி வாளாவிருக்கவில்லை. வழக்கறிஞர் கே. சந்துரு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர் மனுவின் வழியே உண்மையை வெளிக்கொணர்ந்தார். காவலர் சிலர் தண்டனை பெற்றனர். 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படம் இவ்வழக்கைத் தழுவியதே.

பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியாகி ஓய்வு பெற்ற சந்துரு அவர்கள், 'அம்பேத்கர் ஒளியில் எனது தீர்ப்புகள்' முதலிய நூல்களைத் தமிழில் எழுதினார். நாம் சொல்ல வந்த செய்தி இங்கேதான் தொடங்குகிறது. நீதிமன்றத்தில் வாதாடும் வாதம் ஒரு மனிதரைக் காக்கும். அதனையே மக்கள் மொழியில் எழுதி வைத்தால், முகம் அறியாத பலரையும் காக்கும்.

இவ்விரு பணியையும் ஒருங்கே செய்தவர் நம் அண்ணல் அம்பேத்கர். 1920இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். 1923இல் பம்பாயில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். பூனாவைச் சேர்ந்த பிராமணரல்லாதார் இயக்கத்தினர் வெளியிட்ட ஒரு நூலுக்காக அவர்கள் மீது அவதூறு வழக்குத் தொடுக்கப்பட்டது. 1926இல் அண்ணல் மேல்முறையீட்டில் வாதாடி அவர்களை விடுவித்தார். அடுத்த ஆண்டே 'பகிஷ்கிருத் பாரத்' இதழைத் தொடங்கினார். வழக்கு மன்றத்தையும் அச்சகத்தையும் அவர் வெவ்வேறாகக் கருதவில்லை.

எழுத்து சிறைக்கதவைத் திறந்த வரலாறும் உண்டு. 1979 சனவரியில் பீகார்ச் சிறைகளின் நிலையைப் பற்றி ஓய்வு பெற்ற காவல் அதிகாரி ருஸ்தம்ஜி நாளேட்டில் எழுதினார். சாட்டப்பட்ட குற்றத்திற்குரிய தண்டனைக் காலத்தைவிட நீண்ட காலம் விசாரணையின்றிக் கிடந்தவர்களும் அங்கே இருந்தனர். அதனைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரணி உச்சநீதிமன்றம் சென்றார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு எனப் புகழ்பெற்ற அது, விரைந்த விசாரணையை அடிப்படை உரிமையாக்கியது. 1986இல் மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் டி. கே. பாசு, காவல் நிலைய மரணங்களைப் பற்றித் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் விளைவாக 1996இல் கைது குறித்த நெறிமுறைகள் பிறந்தன.

நம் அண்டை மலையாகிய சத்தியமங்கலத்திற்கு வருவோம். வீரப்பன் தேடுதல் வேட்டையில் சோளகர் பழங்குடியினர் பட்ட துயரை, வழக்கறிஞர் ச. பாலமுருகன் 'சோளகர் தொட்டி' என்னும் நாவலாக 2004இல் வெளியிட்டார். ஆந்திரத்தில் கண்ணபிரானும் பாலகோபாலும் நீதிமன்றத்தில் வாதாடியவாறே இடையறாது எழுதியும் வந்தனர். இத்தகையோர் மக்கள் சிவில் உரிமைக் கழகம் போன்ற அமைப்புகளின் வழியே ஒருவரோடொருவர் தொடர்பு கொண்டு, ஓரூரில் கற்ற பாடத்தை மற்றோர் ஊருக்குக் கொண்டு சென்றனர். தனி வழக்கறிஞர் எளிதில் சோர்வடைவார். தோழமை அவரை நிறுத்தி வைக்கும்.

இனிக் கடினமான வினாவுக்கு வருவோம். நம் மக்களைத் தாக்கியவனுக்கும் வழக்கறிஞர் வேண்டுமா? கோவையில் வழக்கறிஞர்க்கும் காவலர்க்கும் மோதல் நேர்ந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக எவரும் வாதாடுவதில்லை என அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. 2010இல் உச்சநீதிமன்றம் அத்தகைய தீர்மானங்கள் செல்லா என்று கூறிற்று. நம் நெஞ்சுக்கு இது கசப்பாக இருக்கலாம். எனினும் எண்ணிப் பாருங்கள்: 2022இன் இறுதியில் நாட்டுச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். அவர்களில் ஏழைகளும் ஒடுக்கப்பட்டோரும் எத்தனை பேர்! வழக்கறிஞர் பெறும் உரிமையை ஒருவனுக்கு மறுக்கத் தொடங்கினால், அம்மறுப்பு முதலில் வந்து சேருமிடம் நம் குடியிருப்பே. பகைவனுக்கும் அவ்வுரிமை உண்டென்பதால்தான் நம் பிள்ளைக்கும் அது உறுதியாகிறது.

ஆகவே இளைஞர்களே, சிலவற்றை மனத்திற் கொள்ளுங்கள். கைது செய்யப்பட்டவரிடம் காரணம் சொல்லப்பட வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச அவருக்கு உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவரை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இவை அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தருவன. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பட்டியலினத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் வருமான வரம்பு பாராது இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100. உதகை நீதிமன்றத்திற்குச் சென்றுவர ஒரு நாள் கூலியை இழக்கும் தாய்க்கு இந்த எண் தெரிந்திருக்க வேண்டாமா?

சட்டம் பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கற்றதை எளிய தமிழில் எழுதுங்கள். கட்சிக்காரர் நம்பிச் சொன்ன மறைபொருளை எழுதாதீர்கள். தற்புகழ்ச்சியும் விளம்பரமும் அத்தொழிலுக்குத் தடுக்கப்பட்டவை. 'குற்றவாளி' என்றும் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்றும் உள்ள வேறுபாட்டை எழுத்திலும் பேச்சிலும் காத்திடுங்கள்.

நம் பைக்காரா ஆற்றின் நீர் 1932 முதல் மின்னாற்றலாகிச் சமவெளியில் விளக்கேற்றி வருகிறது. கம்பி இழுத்த இடத்திற்கே அவ்வெளிச்சம் சென்றது. சட்ட அறிவும் அத்தகையதே. நீதிமன்றத்திலிருந்து நம் வீட்டு வாசல்வரை அதற்குக் கம்பி இழுக்கும் பணி உங்களுடையது. அடுத்த 25 ஆண்டுகளில் இச்சங்கம் பல வழக்கறிஞர்களையும், அவர்கள் எழுதிய நூல்களையும் காண்பதாக!