மண்ணை வாங்குமுன் ஏட்டைப் பாருங்கள்
(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளை எழுத்துக்கு உரியவர்களாக ஆக்கி வந்துள்ளது. அன்று மாலை வகுப்பில் விளக்கொளியில் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் பொறியாளர்களாகவும் ஊதியம் பெறுகின்றனர். மிச்சம் பிடித்த முதல் தொகையைக் கொண்டு ஒரு வீடு வாங்க வேண்டும், அதனை வாடகைக்கு விட வேண்டும் என்னும் எண்ணம் அவர்களுக்கு எழுவது இயல்பே. அந்த எண்ணத்திற்குத் துணையாகச் சில சொற்கள் கூற வந்தோம்.

நிலம் நமக்கு வெறும் முதலீடு அன்று. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் தந்த அறிக்கையின் விளைவாக, 1892இல் சென்னை மாகாண அரசு நம் முன்னோர்க்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. முதல் பத்தாண்டுகள் எவர்க்கும் விற்கலாகாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்தப் பஞ்சமி நிலங்களுள் பெரும்பகுதி பின்னர்ப் பிறர் கைக்குப் போயிற்று. வலியோரின் மிரட்டல் ஒரு காரணம். கடனுக்கு வைத்த கைநாட்டு மற்றொரு காரணம். 1994இல் காரணை நிலத்தை மீட்கக் கிளர்ந்தபோது செங்கற்பட்டில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். சட்டம் நம் பக்கம் இருந்தது. ஏடு நம் கையில் இல்லை. இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

தொலைவு போவானேன்? நம் உறுப்பினர் ஒருவரின் தாயார், மயிலாப்பூர்க் கடற்கரையை அடுத்த அடுக்குக் குடியிருப்பொன்றில் ஒதுக்கீடு பெற்றவர். மீன் கூடை சுமந்து ஒவ்வொரு தவணையாகக் கட்டி முடித்தார். ரசீதுகள் அனைத்தையும் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். ஆனால் விற்பனைப் பத்திரம் எழுதிப் பெற வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவர் மறைந்த பின் மக்கள் நால்வரும் பெட்டியைத் திறந்தனர். ரசீதுகள் இருந்தன, வீடு எவர் பெயரிலும் இல்லை. வாரிசுச் சான்றுக்கும் பெயர் மாற்றத்திற்கும் அவர்கள் அலைந்த ஆண்டுகள் பல. ஒதுக்கீட்டு ஆணை வேறு, விற்பனைப் பத்திரம் வேறு. இவ்வேறுபாட்டை இந்த அவையில் உள்ள ஒவ்வொருவரும் இன்றிரவே வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி, புதிதாக வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, மூலப் பத்திரத்தைக் கண்ணால் காணுதல். பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் பெறும் வழக்கம் சென்னையில் நெடுங்காலமாகச் சட்ட ஏற்புப் பெற்றது. அவ்வாறு கைமாறிய கடன் பதிவாகாதிருப்பின் வில்லங்கச் சான்றில் தெரியாது. நகலைக் காட்டி, "மூலம் ஊரில் இருக்கிறது" என்பவரிடம் முன்பணம் தரலாகாது. முப்பது ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்று பெறுதலும், பட்டாவையும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் ஒப்பிடுதலும் வேண்டும். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதனாலேயே விற்றவர்க்கு உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. வழக்கறிஞர்க்குத் தரும் கட்டணத்தை வீண் செலவாக எண்ண வேண்டா.

இரண்டாவது, பவர் பத்திரத்தை நம்பி வீட்டை வாங்காமை. பொது அதிகார ஆவணம் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகக் கூறிவிட்டது. விற்பவராயினும் எச்சரிக்கை தேவை. அவசரச் செலவுக்குச் சிறு தொகை வாங்கிக்கொண்டு குடியிருப்பைப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போன குடும்பங்கள் நம் தெருக்களில் உண்டு.

மூன்றாவது, இடத்தின் இயல்பறிதல். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் முதலிய கோயில்களுக்குரிய மனைகள் பல. அங்குச் சில வீடுகளில் கட்டடம் மட்டுமே விற்பவர்க்கு உரியது, அடிமனை கோயிலுடையது. கோயில் நிலத்தை அறநிலையத்துறை ஆணையரின் அனுமதியின்றி விற்றல் செல்லாது. விலை மலிவாக இருந்தால் அடிமனை யாருடையது என்று முதலில் கேளுங்கள்.

தியாகராய நகர் 1920களில் பழைய ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர். அங்கே தனி வீடுகள் இருந்த இடங்களில் இன்று அடுக்ககங்கள் நிற்கின்றன. அடுக்ககம் வாங்குவோர் சுவரின் வண்ணத்தைப் பார்க்கின்றனர். பத்திரத்தில் எழுதிய பிரிபடாத நிலப் பங்கைப் பார்ப்பதில்லை. 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டில் எட்டு வீடுகள் சமமாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 300 சதுர அடியே பங்கு. கட்டடம் முதுமையடையும், அந்த 300 அடி முதுமையடையாது. நாளை இடித்துக் கட்டும்போது உங்கள் பங்கைத் தீர்மானிப்பது அதுவே. புதிய கட்டடமாயின் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ கொண்ட திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருத்தல் வேண்டும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதியுமுன் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அத்திட்டத்தார் கேட்கலாகாது.

அடையாற்றில் நீரைக் கேளுங்கள். 2015 டிசம்பரில் ஆறு பெருகிக் கோட்டூர்புரம் முதலிய இடங்கள் மூழ்கின. தரகர் அதனைச் சொல்லார். தெருமுனையில் இஸ்திரி போடுபவரையும் இரவுக் காவலாளியையும் கேட்டால் எத்தனையாம் படி வரை நீர் ஏறிற்று என்று சொல்வர்.

விலை தாங்காது புறநகர்க்குச் செல்வோர், மனைப் பிரிவுக்கு முந்தைய வருவாய்ப் பதிவேட்டில் அந்நிலம் பஞ்சமி நிலமா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். பாட்டனிடமிருந்து பறிபோன நிலத்தின் துண்டொன்றைப் பேரன் காசு கொடுத்து வாங்கி ஏமாறுதல் கொடுமையினும் கொடுமை.

நான்காவது, கணக்கு. ஒரு கோடி ரூபாய் வீடு மாதம் 25,000 ரூபாய் வாடகை தருமாயின் ஆண்டு வரவு மூன்று லட்சம். அதாவது நூற்றுக்கு மூன்று. சொத்து வரி, குடிநீர் வரி, பராமரிப்பு, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் ஆகியவை போக எஞ்சுவது இன்னும் குறைவு. வீட்டுக் கடன் வட்டியோ அதனினும் மிகுதி. வாடகையே கடனை அடைத்துவிடும் என்று சொல்பவரை நம்பற்க. வாங்கும் விலைக்கு மேல் முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்திற்கும் தனியே பணம் வேண்டும் என்பதையும் முன்னரே எண்ணி வையுங்கள். மனைவியின் பெயரையும் பத்திரத்தில் சேர்த்தெழுதுங்கள்.

நிற்க. வீடு வாங்கியவர் வீட்டுக்காரர் ஆகிறார். 2017ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 முதல் நடப்பில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாடகை அதிகார அலுவலரிடம் பதிதல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகலாகாது. பத்து மாத முன்பணம் கேட்பது நம் நகரின் பழக்கம். நம் பழக்கமாக அது வேண்டா. வாடகைப் பிணக்கு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது. வாங்கிய வாடகைக்கு ரசீது தருக. தகரப் பெட்டியில் ரசீது சேர்த்த அந்தத் தாயை எண்ணித் தருக.

இறுதியாக ஒன்று. இந்த நகரின் தெருக்களில் வீடு தேடி நாம் நடந்த நாட்களை மறந்துவிடவில்லை. வாயிற்படியில் நிறுத்திப் பெயர் கேட்டனர். தந்தை பெயர் கேட்டனர். சொந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டனர். பின்னர், "வீடு நேற்றே முடிந்துவிட்டது" என்றனர். வாடகைக்கு என்ற பலகை மட்டும் அடுத்த மாதமும் தொங்கிக்கொண்டிருந்தது. நாளை நம் வாயிலில் ஒருவர் வந்து நிற்பார். வாடகை தர இயலுமா, வீட்டைப் பேணுவாரா என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். மூன்றாவது கேள்வி உங்கள் நாவில் எழுமாயின், நாம் வாங்கிய வீட்டோடு அவர்களுடைய பழக்கத்தையும் சேர்த்து வாங்கிவிட்டோம் என்று பொருள்.

கழகம் நமக்கு எழுத்தைத் தந்தது. அந்த எழுத்தைக் கொண்டு முதலில் நம் பத்திரத்தைப் படிப்போம். பின்னர் நம் கதவைத் திறப்போம்.