சிறைக்குள் ஒரு வகுப்பு



ஓய்வு பெற்றபின் டெல்லி திஹார் சிறையில் வாரம் இருமுறை கணக்கு சொல்லித் தருகிறேன். "அங்கே போவதால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாகவே இந்தச் சில வார்த்தைகள்.

1993-ல் கிரண் பேடி சிறைத்துறைத் தலைவராக வந்தபின் திஹாரில் பல மாறுதல்கள் ஏற்பட்டன. 1994 ஏப்ரலில் சுமார் 1000 கைதிகள் கோயங்கா அவர்களிடம் 10 நாள் விபஸ்ஸனா தியானம் பயின்றார்கள். படித்த கைதிகள் படிக்காதவர்களுக்கு எழுத்தறிவிக்கும் திட்டமும் அங்கு உண்டு.

என்னோடு வகுப்பெடுப்பவர் ஒரு விசாரணைக் கைதி. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நம் நாட்டுச் சிறைகளில் இருப்போரில் நால்வருக்கு மூவர் இவரைப்போல் தீர்ப்புக்குக் காத்திருந்தவர்களே. ஒரு நாள் அவருக்கு ஜாமீன் மறுக்கப்பட்டது. மறுநாள் நான் போனபோது, கரும்பலகையைத் துடைத்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். "பின்னக் கணக்கு பாக்கி இருக்கிறதே, ஸார்" என்றார்.

கர்மயோகம் பற்றி எத்தனையோ உபன்யாசங்கள் கேட்டிருக்கிறேன். ஒருவர் அதை வாழ்ந்து காட்டி நான் பார்த்தது அங்கேதான். எனக்குக் கிடைத்தது அதுவே.

நம் உறுப்பினர்களில் ஓய்வு பெற்றவர்கள் அநேகம். உங்கள் ஊர்ச் சிறைக் கண்காணிப்பாளருக்கு அனுமதி கேட்டு எழுதுங்கள். இரண்டே நியமங்கள்: என்ன குற்றம் என்று கேட்காதீர்கள்; வருவதாகச் சொன்ன நாளில் தவறாமல் போங்கள். சொல்லிவிட்டு வராமல் போனவர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.