தமக்கையார் காத்திருந்த வாயில்



இன்று சித்திரைச் சதயம். அப்பர் பெருமான் திருவடிப்பேறு எய்திய நாள். அவர் ஒருகால் நம் சமயத்தை விட்டுச் சென்றவர் என்பதை மட்டும் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். திருவாமூரில் தோன்றிய மருணீக்கியார் உலக நிலையாமை கண்டு மெய்ப்பொருளை நாடினார். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, அவர்தம் நூல்களைத் துறைபோகக் கற்று, தருமசேனர் என்னும் பெயருடன் தலைமையும் பெற்றார். பொருள் காட்டி அழைத்தவர் இலர். வலிந்து இழுத்தவரும் இலர்.

தமக்கையார் திலகவதியார் என்ன செய்தார்? பள்ளியின் வாயிலில் நின்று பூசலிட்டாரா? அரசனிடம் முறையிட்டாரா? திருவதிகை வீரட்டானத்தை அடைந்து நாள்தோறும் அலகிட்டார், மெழுகினார், மலர் தொடுத்தார். தம்பியை மீட்டருளுமாறு இறைவனிடமே விண்ணப்பித்தார்.

அரசன் புகுந்தது பின்னர். சமணம் சார்ந்திருந்த பல்லவன் நாவரசரை நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு கடலில் இட்டான். இதை உருகிச் சொல்கிறோம். அம்மன்னனே சைவனான பின் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்றும் சேக்கிழார் பெருமான் பாடியிருக்கிறார். இதைச் சொல்லுமிடத்து நமக்குப் பெருமிதமே தோன்றுகிறது! நீற்றறையில் இட்டதும் பள்ளியை இடித்ததும் ஒரே கோல்தான். அது சாய்ந்த பக்கமே வேறு. அரசுக்குச் சமயச் சார்பு ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் உடல்நலத்துக்கும் உட்பட்டு, மனச்சான்றின் உரிமையை எல்லார்க்கும் அளித்தது. சமயத்தைப் பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வன்முறையையும் வஞ்சனையையும் சட்டம் தடுக்கட்டும். ஆயின், ஒருவன் தானே தேர்ந்து செல்வதைத் தடுக்கப் புகுந்தால், அது பல்லவன் வேலையே ஆகும்.

1981-இல், அந்நாளைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில், ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் பல இஸ்லாத்தைத் தழுவின. அயல்நாட்டுப் பணம் என்றனர் சிலர். சாதி இழிவு பொறுக்கவில்லை என்றனர் சென்றவர்கள். இளைஞனாய் மேடையேறத் தொடங்கியிருந்த அடியேனும் பணத்தைப் பற்றியே முழங்கினேன். கூட்டம் கலைந்ததும் முதியவர் ஒருவர் அருகே வந்து, "எங்கள் தெருவுக்குத் தேர் எப்போது வரும், சாமி?" என்று கேட்டார். மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது 1939 ஜூலை 8. அதற்கு 42 ஆண்டு கழித்து இந்தக் கேள்வி! மறுமொழி சொல்ல நா எழவில்லை.

சூலை நோயோடு தம்பியார் இரவில் வந்து அடியில் வீழ்ந்தபோது, "ஏன் சென்றீர்?" என்று அம்மையார் வினவினாரல்லர். எழுந்திருக்கச் சொன்னார், ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். பின், பொழுது புலருமுன், திருவலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, அவரையும் உடனழைத்துக் கோயிலுள் புகுந்தார்.